வைக்கோல் பிரியின் மறுமுனை

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் பல்லி கதையைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் மற்றது விளங்காது.

நான் குற்றாலத்து அருங்காட்சியகத்தில் சேர்ந்த புதிது. செத்த பறவைகளைப் பாடம் செய்து வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிகளைத் திறந்து, தூசி தட்டி, பாச்சை உருண்டை மாற்றி, மறுபடி பூட்டுவது எங்கள் வேலைகளில் ஒன்று. அப்படி ஒருநாள் பூட்டியதற்கு மறுநாள், அருவிச் சீசனுக்கு வந்த ஒரு குடும்பம் மலை மைனா பெட்டி முன்னால் நகராமல் நின்றது. "பாருங்க, பல்லியக்கூட எவ்வளவு தத்ரூபமா செஞ்சு வச்சிருக்காவ" என்று அந்த அம்மா வியந்துகொண்டிருந்தார். நானும் பெருமையாகத் தலையாட்டிவிட்டு அப்புறம்தான் யோசித்தேன். அந்தப் பெட்டியில் எங்களுக்குப் பல்லியே கிடையாது. உற்றுப் பார்த்தால் அதன் தொண்டை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. யார் பூட்டினார்கள் என்கிற விசாரணை இப்போது வேண்டாம்.

அன்றைக்கிருந்த காப்பாளர் சாவியோடு வந்து கதவைத் திறந்துவிட்டார். தன் பெயரை எங்கும் சொல்லக் கூடாது என்று பிடிவாதமாக இருந்த மனிதர், ஆகவே நானும் சொல்லவில்லை. பல்லி வெளியே ஓடியது. அவர் சிரிக்கக்கூட இல்லை. "ஏம்மா, பூட்டுததுக்கு முன்னால உள்ள இருக்கது செத்துப்போச்சான்னு ஒரு தடவை பாத்துக்கிடணும்" என்றார். அவ்வளவுதான். சாயங்காலம் டீக்கடையில் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அது பல்லிக்கான பாடம் என்றே பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஓட்டிவிட்டேன்.

இப்போது ரூபியிடம் வருகிறேன்.

நீங்கள் பின்கூடத்தில் நடக்கும் கலைப் பயிலரங்கைப் பார்த்திருப்பீர்கள். சாரல் தொடங்கும்போது தொடங்குவோம். ஆட்டிசம் உள்ளவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள், எந்தப் பெயருக்குள்ளும் சரியாக அடங்காதவர்கள் என்று பலர் வருகிறார்கள். அரசுத் தாள்களில் அவர்களுக்கு வாய் நிறையப் பெயர் இருக்கிறது. மூளை தன் போக்கில் போகிறவர்கள் என்று நான் சொல்வேன். காட்டையும் மலையையும் பார்த்துத் தாங்கள் செய்ய நினைப்பதைச் செய்கிறார்கள். ஒருவர் இலையின் அடிப்பக்கத்தை மட்டுமே வரைவார், மேல்பக்கத்தைக் காட்டினால் திருப்பி வைத்துவிடுவார். இன்னொருவர் அருவியை ஏறிட்டும் பார்க்க மாட்டார், தகரக் கூரையில் சாரல் விழும் சத்தத்தைக் கேட்டு மையால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவார். பார்க்க வருகிறவர்கள், "அருவிய வரைஞ்சா அழகா இருக்குமே" என்று யோசனை சொல்வார்கள். குற்றாலத்தில் இருப்பவனெல்லாம் அருவியைத்தான் வரைய வேண்டும் என்று யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கிறோமா என்ன? எனக்குச் சுள்ளென்று வரும். வந்த கோபத்தை முழுங்கிக்கொண்டு, "அந்தப் பக்கப் பெட்டியில சிங்கவால் குரங்கு இருக்கு, பாருங்க" என்று அனுப்பிவிடுவேன்.

ரூபி தென்காசிப் பெண். அப்பா ஞானதுரை அண்ணாச்சி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். அம்மா எப்போதோ தவறிவிட்டார். ஒரு அண்ணன், டேவிட், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ரூபி முதன்முதலில் இங்கு வந்தபோது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். பேச்சு மிகக் குறைவு. பஸ் ஹாரன் தாங்க முடியாது என்பதால் காதில் பெரிய ஹெட்போன். தொடுவது பிடிக்காது. ஆனால் வைக்கோலைக் கண்டால் முகம் மாறிவிடும்.

காரணம் இருக்கிறது. பித்தளைக் குத்துவிளக்கும் அண்டாவும் கடைக்கு வரும்போது வைக்கோல் சுற்றி வரும். சின்னதிலிருந்தே கடைக் குடோனில் அந்த வைக்கோல்தான் அவளுக்கு விளையாட்டு. அதைத் தண்ணீர் தெளித்துப் பதமாக்கிக் கயிறாகத் திரிப்பாள். நம் பக்கத்தில் அதைப் பிரி என்போம், வைக்கோல் கட்டைக் கட்டுகிற அதே பிரி. ஒருவர் முனையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றவர் திரித்துக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். குடோனில் முனையைப் பிடித்தவர் அண்ணாச்சி. வியாபாரம் ஓடிக்கொண்டிருக்கும், கல்லாவில் ஆள் நிற்கும். இவர் உள்ளே மகளுக்கு முனை பிடித்துக்கொண்டிருப்பார்.

பயிலரங்கில் ஒருநாள் எல்லாரையும் சுந்தரபாண்டியபுரம் பக்கம் வயல்காட்டுக்குக் கூட்டிப்போனோம். சூரியகாந்தியைப் பார்க்கத்தான் போனது. ரூபி சூரியகாந்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிணற்றோரப் பனையில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கின. அதன் கீழே போய் நின்றவள் வேன் கிளம்பும்வரை அண்ணாந்தபடி நின்றாள். கழுத்து வலிக்குமே என்று எனக்குத்தான் கவலை. அந்தக் குருவியில் ஆண்தான் கூடு கட்டும். பாதி கட்டியதும் பெண் வந்து பார்க்கும். பிடிக்காவிட்டால் போய்விடும். ஆண் அதை விட்டுவிட்டோ பிய்த்துப் போட்டுவிட்டோ மறுபடி தொடங்கும்.

மறுநாளிலிருந்து ரூபி கூடு கட்டினாள். பிரி திரித்து, அதைச் சுற்றிச் சுற்றித் தைத்து, பின்கூடத்து உத்திரத்தில் தொங்கவிட்டுக் கட்டினாள். குருவிக் கூட்டைப் பார்த்துச் செய்த நகல் அல்ல அது. உள்ளே ஒரு ஆள் உட்காரலாம். வாசலை மட்டும் எங்கே வைப்பது என்று பல நாள் பார்த்தாள். கட்டி முடிக்கிற தறுவாயில் கீழே உட்கார்ந்து முழுவதையும் அவிழ்த்துவிடுவாள். அவிழ்த்த வைக்கோலை நீளம் பார்த்து அடுக்கி, நைந்ததை ஒதுக்கி, புதுசு சேர்த்து மறுபடி தொடங்குவாள். ஒவ்வொரு தடவையும் கூடு முன்பு இருந்த மாதிரி இருக்காது. ஏன் அவிழ்க்கிறாள் என்று கேட்காதீர்கள். எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி யாராவது உங்களிடம் விளக்கினால் அவரைச் சிங்கவால் குரங்குப் பக்கம் அனுப்பிவிடுங்கள்.

இங்கே அவளுக்கு முனை பிடித்தது நான். அவள் எல்லாரிடமும் கொடுத்துவிட மாட்டாள். ஆடினால் வாங்கிக்கொள்வாள், பேசினால் வாங்கிக்கொள்வாள். பிரி முடிந்ததும் முனையைத் தானே கையிலிருந்து உருவிக்கொள்வாள். நன்றி என்று அவளிடமிருந்து வருவது அந்த உருவல்தான்.

அப்பாவிடம் கொடுப்பதை நிறுத்தியிருந்தாள். அண்ணாச்சிக்குக் கை நடுக்கம் வந்திருந்தது. முனை நடுங்கினால் முறுக்கு அவிழும், பிரி நிற்காது. என் கண் முன்னால்தான் அது நடந்தது. அவர் வழக்கம்போல் கையை நீட்டினார், அவள் அந்தக் கையைப் பார்த்தாள், முனையை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாச்சி நீட்டிய கையால் மீசையைத் தடவிக்கொண்டார்.

"பாத்தியளா டீச்சர், எம் பொண்ணே என்னய வேலைய விட்டு நிப்பாட்டிட்டா" என்று சிரித்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அருங்காட்சியகத்தைச் சுற்றிக் காட்டுகிறவள் என்பதால் ஊரில் நான் டீச்சர்தான்.

அந்த நடுக்கம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். டேவிட் வந்து பார்த்துவிட்டுப் போனான். அப்பாவுக்கு அப்புறம் ரூபியை யார் பார்ப்பது என்று கேட்டான். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ஹோம் பார்த்துவிட்டதாகச் சொன்னான். சீசன் முடிந்ததும் அங்கே சேர்த்துவிடலாம் என்றான். அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் கேட்டது நியாயமான கேள்விதான். அண்ணாச்சியின் அக்காவும் "நல்ல இடமா இருந்தா விட்டுரு தம்பி" என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி மட்டும், "மியூசியத்துல ஒரு விழா வைக்கப் போறாவ, அதுக்கு வந்து பாருங்க, பாத்துட்டுச் சொல்லுங்க" என்று எல்லாரையும் நிறுத்தி வைத்திருந்தார்.

ரூபியின் கூட்டைக் காட்சிக்கு வைக்கும் அந்த விழா எங்கள் புதுக் காப்பாளரின் ஏற்பாடு. அப்போது அவர் வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. இப்போது உங்களுக்கு இயக்குநர், முன்வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். பயப்பட வேண்டாம் சார், உங்களிடம் கேட்டுவிட்டுத்தானே சொல்கிறேன்.

ரூபியின் கூட்டைப் பார்த்து அவர் சொக்கிப் போனார். அதுவரை பயிலரங்கில் செய்தவற்றையெல்லாம் சீசன் முடிந்ததும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பி விடுவோம். இவர்தான், "இது கைவேலை இல்ல மேடம், கலை. நிரந்தரக் காட்சியில வைக்கணும்" என்றார். அருங்காட்சியகத்தை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளரிடம் பேசிச் சம்மதமும் வாங்கிவிட்டார். ஒரு வார இறுதியில், ரூபி வராத நாளில், கூட்டை இறக்கினார்கள். பூச்சி வராமல் மருந்துப் புகை போட்டார்கள். நடுக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் தொங்கவிட்டார்கள். பதிவெண் கொடுத்தார்கள். பித்தளைத் தகட்டில் ரூபி என்று பொறித்து ஒட்டிப் பூட்டிவிட்டார்கள். நம் தொழிலில் ஒரு பொருளுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. நம்மவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. வேறு யாராக இருந்தாலும் அந்தக் கூட்டை அதன் பாட்டுக்கு விட்டிருப்பார்கள்.

திங்கட்கிழமை ரூபி வந்தாள். பின்கூடத்து உத்திரத்தைப் பார்த்தாள். பிறகு நடுக்கூடத்துக்கு வந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். கூட்டுக்கு வாசல் இன்னும் வைத்திருக்கவில்லை. அது எங்களில் ஒருவர் கண்ணுக்கும் படவில்லை. எங்களுக்கு அது முடிந்த கூடாகத்தான் தெரிந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் வைக்கோலைத் தொடவில்லை. காலையில் வந்து பெட்டி முன்னால் உட்காருவாள், மாலையில் அப்பாவோடு போவாள். வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை என்றும் நெற்றியைச் சுவரில் இடித்துக்கொள்கிறாள் என்றும் அண்ணாச்சி சொன்னார். நான் காப்பாளரிடம் போனேன்.

"தொறந்து குடுத்துருவோம் சார்."

"கொடுத்தா அவிழ்த்துருவாங்களே, மேடம்."

"அவ கட்டினது, அவ அவிழ்க்கா."

"பதிவெண் போட்டாச்சு. செயலாளருக்கு நான் என்ன சொல்றது? நான் மரியாதைதானே செஞ்சேன்?"

அவர் கண் கலங்கியிருந்தது. பெட்டிகளின் சாவி என்னிடம்தான் இருக்கும். நான் நினைத்தால் திறந்திருக்கலாம். திறக்கத்தான் போனேன். அப்போது என் பின்னாலேயே வந்தவர் அண்ணாச்சி.

"டீச்சர், உங்க கால்ல விழுதேன், விழா முடியுத வரைக்கும் தொறக்காதிய."

"என்ன அண்ணாச்சி இது, புள்ள படுத பாட்ட நீங்களே பாக்கியள்லா?"

"பாக்கேன். ராத்திரி பூரா நாந்தானே பாக்கேன். ஆனா அவ அவுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்கு? டேவிட் வாரான். எங்க அக்கா வாரா. இத்தன வருசமா அந்தப் புள்ள என்ன செய்யுதுன்னு கேட்டவுகளுக்குக் காட்டறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. கண்ணாடிக்குள்ள அவ பேரோட இருந்தாத்தான் நம்புவாவ. அவள அனுப்பிட்டாங்கன்னா அப்புறம் நான் யாருக்கு இருக்கணும் சொல்லுங்க."

கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் அவள் நெற்றி, ஒரு பக்கம் அவள் வாழ்க்கை. கண்ணாடியைத் திறந்தால் அவளுக்கு இன்றைக்கு நிம்மதி, சீசன் முடிந்ததும் கோயம்புத்தூர். திறக்காவிட்டால் ஒருவேளை அவள் தென்காசியிலேயே இருக்கலாம், ஆனால் எப்படி இருப்பாள்? எனக்குத் தூக்கம் போயிற்று. நான் செய்ததெல்லாம் தள்ளிப்போட்டதுதான். பொறுப்பில் இருக்கிறவர்கள் தள்ளிப்போடுவதற்கு நிதானம் என்று பெயர் வைத்துக்கொள்வோம், உங்களுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிடும்.

விழா நாள் வந்தது. வெளியே நல்ல சாரல், பேரருவியில் குளிக்கத் தடை என்பதால் குளிக்க வந்த கூட்டத்தில் பாதி எங்கள் வாசலுக்கு ஒதுங்கிவிட்டது. மேளம் வேண்டாம், பொன்னாடையை மேலே போர்த்தாமல் கையில் கொடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். அந்த மட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ரூபிக்கு அத்தை பட்டுச்சேலை கட்டிவிட்டிருந்தார். முன்வரிசையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் அண்ணாச்சி, மறுபக்கம் டேவிட், அவனுக்கு அடுத்து அத்தை. சிறப்பு விருந்தினர் ஒரு பெரிய அதிகாரி. நல்லவிதமாகத்தான் பேசினார், கொஞ்சம் நீளமாகப் பேசினார்.

பேச்சின் நடுவில் ரூபி எழுந்தாள். பெட்டிக்குப் போனாள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு நெற்றியை வைத்தாள். மெதுவாக ஒரு தரம் இடித்தாள், பிறகு இன்னும் கொஞ்சம் பலமாக. மைக்கில் பேச்சு நின்றது. அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

டேவிட் எழுந்தான். முகமெல்லாம் சிவந்துவிட்டது. "அப்பா, நான்தான் அப்பவே சொன்னேன்ல. கூட்டத்துக்குக் கூட்டிட்டு வராதீங்கன்னு" என்றான். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன. நான் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தேன். அந்த நடையில் எனக்கு ஞாபகம் வந்தது பல்லியின் தொண்டைதான். எங்கள் பழைய காப்பாளர் சொன்னது பல்லிக்கு மட்டும் அல்ல என்று அப்போதுதான் உறைத்தது. புதுக் காப்பாளர் என்னைத் தடுத்திருக்கலாம். அவர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். அதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன் சார்.

பூட்டைத் திறந்தேன். ரூபி கூட்டைத் தூக்கித் தரையில் வைத்தாள், பட்டுச்சேலையோடு கீழே உட்கார்ந்தாள், அவிழ்க்கத் தொடங்கினாள். வைக்கோல் துணுக்குகள் சேலையெல்லாம் ஒட்டின. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அத்தை வாய்க்குள் சொல்வதாக நினைத்து உரக்கவே சொன்னார்.

"குரங்கு கையில பூமால குடுத்த கததான்."

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. ஆனால் பதில் சொல்ல நேரம் இல்லை. அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இத்தனை நாள் அவர் காத்துக் காத்து வைத்திருந்தது கண் முன்னால் குப்பையாகக் கிடந்தது. நான்தான் அதைத் திறந்துவிட்டேன். அந்த நிமிடத்தில் நான் செய்தது சரி என்று எனக்குத் துளியும் தோன்றவில்லை, உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

ரூபி அவிழ்த்து முடித்தாள். நீளம் பார்த்து அடுக்கினாள். விருந்தினர் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து வைக்கோல் மேல் தெளித்தாள். கொஞ்சம் திரித்து முனையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போனாள். அண்ணாச்சி துண்டை இறக்கிவிட்டுப் பழக்கத்தில் கையை நீட்டினார். அவர் முன்னால் நின்று அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதையும் தாண்டினாள். டேவிட்டிடம் முனையைக் கொடுத்தாள்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு கையில் வாங்கினான், இன்னொரு கையில் போன். ரூபி பின்னால் நடந்து திரிக்கத் தொடங்கினாள். போன் அதிர்ந்தது, அவன் குனிந்து பார்த்தான், முனை ஆடியது, முறுக்கு அவிழ்ந்தது. அவள் வந்து முனையை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு போகவில்லை, அவன் எதிரிலேயே நின்றாள்.

அண்ணாச்சிதான் சொன்னார். "ஏலே டேவிட்டு, போன பைல போடு. ரெண்டு கையாலயும் பிடி. ஆடாத."

அவன் போனைப் பையில் போட்டான். இரண்டு கைகளையும் நீட்டினான். ரூபி கொடுத்தாள்.

பிரி நீண்டது. பெட்டியைத் தாண்டி, நாற்காலி வரிசையைத் தாண்டி, அவள் பின்னால் நடந்துகொண்டே போனாள். ஜனங்கள் எழுந்து நாற்காலிகளை ஒதுக்கி வழிவிட்டார்கள். விருந்தினர் பேச்சை முடித்துவிட்டதாகச் சொல்லிக் கீழே இறங்கிவிட்டார்.

"எவ்வளவு நேரம் பிடிக்கணும் மேடம்?" டேவிட் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான்.

"அவளா வந்து உருவிக்கிடுத வரைக்கும்."

அவன் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டை நனைந்துவிட்டது. மூக்கில் வைக்கோல் தூசி ஏறித் தும்மல் வந்தபோது முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டான், கையை அசைக்கவில்லை. ரூபி ஒருதரம் கூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கைகளையே பார்த்துத் திரித்தாள். கடைசியில் வந்து முனையை உருவிக்கொண்டு பின்கூடத்துக்குப் போய்விட்டாள்.

கூட்டம் கலைந்தபின் டேவிட்டைக் கார் நிறுத்தும் இடத்தில் பார்த்தேன். சாரலில் நனைந்துகொண்டு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். முடித்துவிட்டு என்னிடம் வந்தான். உள்ளங்கையில் வைக்கோல் தடம் சிவப்பாக இருந்தது.

"அந்த ஹோமுக்குத்தான் பண்ணினேன் மேடம். அவளுக்கு முனை பிடிக்க யாராவது இருப்பாங்களான்னு கேட்டேன். கைத்தொழில் வகுப்பு இருக்கு சார், மெழுகுவத்தி செய்யச் சொல்லித் தருவோம்னாங்க. நான் கேட்டது அது இல்லன்னு அவங்களுக்குப் புரிய வைக்கவே முடியல."

அப்புறம் கேட்டான். "இங்க இருப்பீங்களா? யாராவது ஒருத்தர். எப்பவும்."

நான் யாரையும் கேட்கவில்லை. இருப்போம் என்று சொல்லிவிட்டேன். காப்பாளர் அதற்கு அப்புறம்தான் செயலாளரிடம் பேசி ஒப்புதல் வாங்கினார்.

ரூபி கோயம்புத்தூருக்குப் போகவில்லை. பூமாலைப் பழமொழி சொன்ன அதே அத்தை அவர்கள் வீட்டுக் கீழ் போர்ஷனுக்குக் குடிவந்து அவளுக்குச் சோறு போடுகிறார். மனுஷர்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. அண்ணாச்சி அந்த விழாவுக்குப் பின் இரண்டாவது சீசனைப் பார்க்கவில்லை. ஆனால் அப்பாவுக்கு அப்புறம் யார் என்கிற கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டுதான் போனார். கடைசியாக என்னிடம் பேசியபோது, "என் கை போனா என்ன டீச்சர், உங்க கை இருக்குல்லா" என்றார். டேவிட் லீவு கிடைக்கும்போதெல்லாம் வந்து இரண்டு கையாலும் பிடிக்கிறான். வருஷம் பூராவும் செவ்வாயும் வெள்ளியும் அவள் வருவாள், டேவிட் இல்லாத நாளில் நான் பிடித்தேன். ஓய்வு பெற்ற பிறகும் அதற்காகவே பஸ் ஏறி வருகிறேன். கூடு கட்டுகிறாள், அவிழ்க்கிறாள், கட்டுகிறாள். நடுக்கூடத்துப் பெட்டி காலியாகத்தான் இருக்கிறது. கதவைச் சாத்த வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், பல்லிகள் வந்து போகின்றன.

பணி அனுபவத்தைச் சொல்ல வாருங்கள் என்று நீங்கள் கூப்பிட்டதும் உடனே சரி என்றதற்குக் காரணம் இதுதான். போன வெள்ளிக்கிழமை நான் முனையைப் பிடித்திருந்தேன். ரூபி பாதித் தூரம் திரித்துவிட்டு நின்றாள். திரும்பி வந்தாள். என் கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அதுவரை தெரியவே இல்லை. பிறகு முனையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு பின்கூடத்தில் யாரையோ தேடினாள். அங்கே யாரும் இல்லை.

டாக்டரிடம் போனேன். வயதாகிறது, மாத்திரை சாப்பிடுங்கள் என்றார். மாத்திரை நடுக்கத்தைக் குறைக்கலாம், நிறுத்தாது. அன்று அண்ணாச்சி சிரித்த மாதிரி நானும் சிரித்துப் பார்த்தேன். வரவில்லை.

நாளை செவ்வாய்க்கிழமை. காலையில் அவள் வந்துவிடுவாள். உங்களில் யார் முனை பிடிப்பது என்று நான் சொல்லப்போவதில்லை, அவள்தான் பார்ப்பாள். பின்கூடத்துக்குப் போகிறவர்கள் போனை வாசலில் வைத்துவிட்டுப் போங்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள். அவளாக வந்து உருவிக்கொள்ளும்வரை விட்டுவிடாதீர்கள்.